மோட்டார் சைக்கிள் சீற்றும் என் தேகசுகமும்

கல்முனைக்குடி,
20 ஜூன் 1957.

அன்புள்ள மச்சான் மசூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்முடைய ராத்தா சபூறாவும் மகள் ஜுனைதாவும் அல்லாஹ்வுடைய கிருபையால் சுகம். இந்த வசனத்தை எல்லோரும் வழக்கத்துக்காக எழுதுவார்கள். நான் மறுப்பாக எழுதுகிறேன். நான் சுகம். எனக்கு மூலவியாதி இல்லை.

உம்முடைய கடிதம் கிடைத்தது. மிளகாயைக் குறைக்கவும், கருணைக்கிழங்கு தின்னவும், வெட்கப்படாமல் கொழும்புக்கு வந்து டாக்குத்தரிடம் காட்டவும் சொல்லியிருக்கிறீர். இந்தச் செய்தியை உமக்கு எட்டவைத்தவர் முகைதீன்பாவாதான் என்பதற்கு எனக்குச் சாட்சி தேவையில்லை. அவர் என் சாச்சாவின் மகன். தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வரவேண்டிய நேரத்தில், நான் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த ஸலாஹுதீனுக்காக ஊரெல்லாம் கையொப்பம் வாங்கியவர். இப்போது ஜுனைதாவுக்கு நான் பேசிய மாப்பிள்ளையைத் தன் மகளுக்குப் பிடிக்கப் பார்த்து, அது கைகூடாததால் என் பின்பக்கத்தைப் பற்றிக் கதைத்துத் திரிகிறார்.

உண்மையில் நடந்ததற்குக் காரணம் உம்முடைய மோட்டார் சைக்கிள். கொழும்புக்குப் போகும்போது "மருமகளின் சீதனத்துக்கு இருக்கட்டும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அதை மேற்கு வெயில் நேரே விழுகிற ஓலைக் கிடுகுப் பத்திக்குள் விட்டுப்போனீர். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து, கருஞ்சிவப்பாக இருந்த, உட்காரும் றெக்சின் சீற்றை அவித்த இறால் தோலின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. மாப்பிள்ளையோ அக்கரைப்பற்று பக்கீர் முகைதீனின் மகன், கல்லோயாத் திட்டத்தில் ஓவசியர். முகைதீன்பாவா அவருக்குப் புத்தம்புதிய மோட்டார் சைக்கிள் தருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். நம்முடையதும் புதிதுபோலத் தெரியாவிட்டால் பிள்ளையின் காரியம் போச்சு.

தேங்காய் எண்ணெய் பூசு, சப்பாத்துப் பொலிஷ் பூசு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் படித்தவன். சவர்க்காரத் தண்ணீரால் அழுக்குப் போகக் கழுவி, நிழலில் உலர்த்திவிட்டு, மருதமுனைக்குப் போய்த் தறிக்காரருக்கு நூல் சாயம் போடும் றஸாக்கைக் கண்டேன்.

"நூலுக்குப் போடுற சாயம் றெக்சினுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"சேர், என்ட சாயம் கல்லுக்கும் பிடிக்கும். உடுத்தவன் மவுத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் அது மவுத்தாகா."

என்னளவு தன்னம்பிக்கையுள்ள இன்னொரு மனிதனை இந்தக் கரையில் கண்ட சந்தோஷத்தில் மறுகேள்வி கேட்காமல் கருஞ்சிவப்புச் சாயம் வாங்கிவந்தேன். பூசி, உலர்த்தி, மறுபடி பூசினேன். சீற்று கலியாணக் கூறைபோல மின்னியது. உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பக்கீர் முகைதீன் வளவும் வீடும் பார்க்க பஸ்ஸில் வந்திறங்கினார். வெள்ளைச் சாறனும் வெள்ளைச் சேட்டுமாக நானே மோட்டார் சைக்கிளில் போய் அவரை ஏற்றினேன். வருகிற சம்மந்திக்கு வெள்ளை விரிப்பதுதானே நம் மரியாதை. புதுத் துணியொன்றை நாலாக மடித்துப் பின்சீற்றில் போட்டு அவரை இருத்தினேன். வீட்டுக்காரன் நான் வெறும் சீற்றில் இருந்தேன். கச்சான் நெருப்பாக வீசியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. வீட்டுப் படலையைத் திறக்க நான் இறங்கியபோது, எதிர்வளவிலிருந்து முகைதீன்பாவா கூவினார்.

"என்ன வாத்தியார், பின்னால எல்லாம் ஒரே ரத்தமா இரிக்கி! பரிகாரி வீடு அங்கால!"

பொறாமையில் உளறுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தே நடந்தேன். சம்மந்தி என் பின்னால் வந்தார்.

உள்ளே போனதும், மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே அனுப்பச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தி, மறைக்காதீங்க. நான் கண்டுட்டன். எவ்வளவு நாளா?"

சீற்றுக்குச் சாயம் பூசியது பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"போன கிழமைதான்," என்றேன்.

"அப்ப புதிசு. எனக்குப் பல வருஷமா இரிக்கி. என்ட பொஞ்சாதிக்கிட்டயும் நான் முழுசாச் செல்லல்ல." என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீங்க அந்தத் துணிய நாலா மடிச்சுப் போட்டீங்க பாருங்க, அதிலேயே விளங்கிற்று. நோவு தெரிஞ்ச ஆளுதான் அப்பிடிச் செய்யும். உங்களுக்கு இவ்வளவு ஓடுது, நீங்க வெறும் சீற்றில, எனக்கு மெத்தை! இப்பிடி ஒரு மனிசன்ட புள்ளய விட்டுட்டு நான் வேற எங்க போற?"

அவர் மூலத்தைச் சொல்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருத்த வாயெடுத்தேன், மச்சான். அதற்குள் அவர் "இனிச் சீதனக் கதை வேணாம், உங்கட மகள் என்ட மகள்" என்று சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் சபூறா "அல்ஹம்துலில்லாஹ்" என்றது எனக்கே கேட்டது. அதற்குமேல் எந்த வாப்பா வாயைத் திறப்பான்?

ஆகவே காரியம் வெற்றி. முகைதீன்பாவா கெடுக்க நினைத்துக் கூவிய கூவலே கலியாணத்தைப் பொருத்திவிட்டது. சாயம் கெட்டதென்றும் ஒருவரும் சொல்ல முடியாது. என் சாறனை உம்முடைய ராத்தா சாம்பல் போட்டு அவித்தும் நிறம் அசையவில்லை. குற்றம் வியர்வையில்தான். சீற்றை ஒரு தரம் ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

நீர் செய்யவேண்டியது ஒன்றுதான். பக்கீர் முகைதீன் கேட்டால் மட்டும் மௌனமாக இரும். மற்ற எல்லோரிடமும், முக்கியமாக முகைதீன்பாவாவிடம், எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, நான் கல்லுப்போல இருக்கிறேன் என்று அடித்துச் சொல்லும். அவர் முன்னால் நான் நோயாளியாக நிற்பதைவிட மண்ணுக்குள் போவது மேல்.

உம்முடைய தொழிலிலும் பிள்ளைகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மச்சிக்கு எங்கள் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆவும், வாய்ப்பாட்டை மறக்கவேண்டாம் என்ற எச்சரிக்கையும்.

இப்படிக்கு,
உம்முடைய மச்சான்,
ஸைனுலாப்தீன்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பக்கீர் முகைதீன் பொத்துவில் பரிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இருவருக்கும் ஒன்றாக மருந்து செய்யவேண்டுமாம். இருவரும் சுகமாகும் நாளில்தான் நிக்காஹ் என்று நேர்ச்சை வைத்துவிட்டாராம். பரிகாரி என் நாடியைப் பிடித்துப் பார்த்து, முற்றிய மூலம் என்று சொல்லிவிட்டார். மருந்துக் குடிநீர் கொதிக்கிறது. ஜுனைதா சிரித்த முகத்தோடு அடுப்பை ஊதுகிறாள். அவளுக்குப் புதுச்சேலை எடுப்பதாகத் தாய் சொல்லியிருக்கிறாள். என்னைக் கூப்பிடுகிறார்கள். மேலே எழுதியதெல்லாம் பிழை, கிழித்துப்போடும். எனக்கு மூலம் இருக்கிறது. ஆர் கேட்டாலும் ஓமென்று சொல்லும். முகைதீன்பாவா கேட்டாலும்.