கஞ்சியில் ஒட்டிய யுனிவர்சிட்டி

சென்னை யுனிவர்சிட்டி கம்பம் ஊருக்கு வந்ததேயில்லை என்று சொல்பவர்களுக்கு எங்கள் பி.ஏ. பெயிலைத் தெரியாது. தத்துவப் பரீட்சையில் மூன்று முறை கோட்டை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர், வரும்போது யுனிவர்சிட்டியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

இடம், அவர் அண்ணனின் பருத்திக் கொட்டகை. சந்தைக்குச் சந்தை சுவரில் நோட்டீஸ் ஏறும். ‘வரும் திங்கள்: உலகம் மெய்யா, பொய்யா? விவாதம். பின்பு மாணவர் விழா.’ மாணவர் என்றால் நான்தான். தபால் ஆபீஸ் குமாஸ்தாவான நானே எதிர்க்கட்சி, நானே நன்றியுரை. நோட்டீஸை அவர் கஞ்சி தடவி ஒட்டுவார். பாதியை ஆடு தின்றுவிடும். வேதாந்தத்தைத் தின்ற ஆடு தர்க்கத்தை ஒருநாளும் தொட்டதில்லை.

அண்ணன் பொறுமை இழந்தார். “ஏலே, வார திங்கக்கெழம பத்துப் பேரு வந்து ஒக்காரலேன்னா, மேல அணை வேலைக்குக் கணக்கெழுதப் போயிரணும்.”

மேற்கே ஓடும் ஆற்றை மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. மேலே போனவர்களில் பாதிப் பேர் காய்ச்சலோடு இறங்கினார்கள். மீதிப் பேர் இறங்கவில்லை. பி.ஏ. பெயிலோ நிதானமாகப் புது நோட்டீஸ் எழுதினார்: ‘வராத தண்ணீர் உண்டா, இல்லையா?’

திங்களன்று கொட்டகை கொள்ளவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்து மார்க்கையன்கோட்டையிலிருந்துகூட வண்டி கட்டி வந்திருந்தார்கள். இவர் ஒரு மணி நேரம் இருப்பு, இன்மை என்று பொழிந்தார். கடைசியில் ஒரு சம்சாரி எழுந்தார்.

“எல்லாஞ் சரி வாத்தியாரய்யா. இந்த வருசம் நான் நெல்லு நடவா, சோளம் வெதைக்கவா?”

பி.ஏ. பெயில் “தெரியலய்யா” என்றார்.

“ஆபீசருமாரு ஆளுக்கொரு தேதி சொன்னாக. தெரியலேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அடுத்த வாரமும் வாரோம்.”

அண்ணன் தலை எண்ணிப் பார்த்துவிட்டு அணைப் பேச்சை விட்டார். யுனிவர்சிட்டி பிழைத்தது என்று நான் நன்றியுரைக்கு எழுந்தேன். மறுநாள் காலையில் பி.ஏ. பெயில் அணையைப் பார்க்க மலையேறிவிட்டார், யாரும் அனுப்பாமலே. “கேட்டவுகளுக்குப் பதில் சொல்லணும்ல” என்றாராம்.

இருபதாம் நாள் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே வந்து இறங்கினார். நேரே அந்தச் சம்சாரி வீட்டுக்குப் போனார். “மலையை இன்னும் முழுசாக் கொடையல. இந்த வருசம் சோளமே வெதைங்க.”

பிறகுதான் கொட்டகையில் வந்து விழுந்தார். நோட்டீஸ் எழுதி என்னிடம் நீட்டினார். ‘வரும் திங்கள்: குளிர் மெய்யா, மாயையா? கம்பளியுடன் வரவும்.’

“கஞ்சி தடவி ஒட்டிருங்க” என்றார்.

அந்த ஒரு நோட்டீஸை மட்டும் தபால் ஆபீஸ் கோந்தில் ஒட்டினேன். கஞ்சியை அவருக்கே ஊட்டினேன்.