குழந்தை அறையில் சேனைப் பூ

செடிகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு நடந்துகொண்டேன், அவ்வளவுதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் அப்போது முப்பத்திரண்டு செடிப் பைகள் இருந்தன. எங்கள் பகுதி மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் யார் சந்தேகம் கேட்டாலும் முதல் பதில் என்னுடையதுதான். கறிவேப்பிலை துளிர்க்கவில்லையா, புளித்த மோர் ஊற்றுங்கள். வேப்பெண்ணெயை உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும். சுரைப் பூ பொழுது சாய்ந்துதான் மலரும், அதற்குள் தேனீ வீடு போய்ச் சேர்ந்திருக்கும், அதனால் நீங்களே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுங்கள். (இதைப் படித்துவிட்டு ஒரு மாமா குழுவை விட்டே வெளியேறினார்.)

அந்த முப்பத்திரண்டில் ஒன்று மட்டும் என்ன செடி என்று எனக்கே தெரியாது. எப்போதோ காய்கறிக் கழிவைக் கொட்டிய பையில் தானாக முளைத்தது. பாம்புத் தோல் போலப் புள்ளி போட்ட ஒற்றைத் தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி ஒரே இலை. தை பிறந்தால் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். கோடை மழை விழுந்ததும் திரும்ப வரும். நான்கு வருடம் இப்படியே ஓடியது. தெரியாது என்று குழுவில் சொல்ல மானம் இடம் கொடுக்குமா? "அரிய வெளிநாட்டுப் பனை வகை" என்று படம் போட்டேன். ஏகப்பட்ட பேர் கைதட்டினார்கள்.

அந்த வருடம்தான் நானும் என் கணவர் முரளியும் குழந்தை தத்தெடுக்கப் பதிவு செய்திருந்தோம். ஒன்பது வருடம் ஆஸ்பத்திரி வாசல்களில் உட்கார்ந்து அலுத்தபின் எடுத்த முடிவு. வீட்டைப் பார்க்க ஒரு அதிகாரி வருவார், அவர் அறிக்கை சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும் என்றார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. சின்ன அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். திரைச்சீலையை மூன்று தடவை மாற்றினேன்.

வியாழக்கிழமை பார்த்தால், என் வெளிநாட்டுப் பனை இலையே விடாமல் கைப்பிடி அளவுக்கு ஒரு மொட்டு விட்டிருந்தது. நல்ல சகுனம் என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையோடு தூக்கிவந்து ஹாலில் வைத்தேன். சனிக்கிழமை காலை அது விரிந்தது. கருஞ்சிவப்பில் சுருக்கு வைத்த பாவாடை, நடுவில் மூளை மாதிரி ஒரு உருண்டை. வருகிறவர் அசந்துபோவார் என்று நினைத்தேன். அதில் மட்டும் என் கணக்கு தப்பவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது முரளி தட்டைத் தள்ளிவைத்தார்.

"சுதா, எங்கயோ எலி செத்திருக்கு."

எனக்கும் அடித்தது. செத்து மூன்று நாளாவது ஆன எலி. பிரிட்ஜை நகர்த்தினோம். பீரோவை நகர்த்தினோம். பரணில் இருந்த பழைய சூட்கேஸ்களை எல்லாம் இறக்கினோம். வாஷிங் மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்தார் முரளி. எலி இல்லை, நாற்றம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பினாயில் ஊற்றித் துடைத்தேன், சாம்பிராணி போட்டேன், ரூம் ஸ்பிரேயை டப்பா காலியாகும் வரை அடித்தேன். இப்போது எலிக்குப் பதினாறாம் நாள் காரியம் நடக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

"இந்தப் பூ பக்கத்துலதான் அதிகமா இருக்கு," என்றார் முரளி.

"சோபாவுக்குள்ள செத்திருக்கும். பூ மேல வாடை ஏறிடப் போகுது, முதல்ல அதை அந்த ரூம்ல கொண்டுபோய் வைங்க."

குழந்தைக்காக வைத்திருந்த மஞ்சள் அறையில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடத்தில் ஹால் தேவலை என்று ஆனது. "பாத்தீங்களா, பினாயில் வேலை செய்யுது," என்றேன்.

மூன்று இருபதுக்கே வாசல் மணி அடித்தது.

அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. காட்டன் புடவை, தோளில் பை, சிரிக்காத முகம். ஹாலில் உட்கார்ந்து நிதானமாகக் கேள்வி கேட்டார். நன்றாகவே பதில் சொன்னோம். அப்புறம் எழுந்தார்.

"குழந்தைக்குன்னு வெச்சிருக்கிற ரூமைப் பாக்கலாமா?"

நானே கதவைத் திறந்தேன். மூடிய அறைக்குள் அதுவரை சேர்ந்திருந்த மொத்தமும் எங்கள் முகத்தில் வந்து அறைந்தது. உள்ளே ஈக்கள் பறந்துகொண்டிருந்தன. அவர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். ஒன்பது வருடக் காத்திருப்பு இந்த வாசலில் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது என் கணவர், வாழ்க்கையில் பொய்யே சொல்லத் தெரியாத மனிதர், தொண்டையைச் செருமினார்.

"அது... என்னோட சாக்ஸ் மேடம்."

"சாக்ஸ்ல ஈ மொய்க்குமா சார்?"

அதிகாரி நேராகச் செடிப் பையிடம் போய்க் குனிந்தார். "இதை யாரு உள்ள கொண்டாந்தது?"

"நான்தான் மேடம். இது ஒரு வெளிநாட்டு..."

"சேனைம்மா இது. சேனைக்கிழங்கு." முந்தானைக்குள்ளிருந்தே பேசினார். "எங்க ஊரு படப்பை. கொல்லையில இது பூத்தா எங்கம்மா மூக்கைப் பொத்திக்கினு போய் வெட்டி எறிவாங்க. ஈயை வரவழைக்கத்தான் இப்படி நாறும். பக்கத்துல கை வெச்சுப் பாரு, அனலாக்கூட அடிக்கும். விட்டுவெச்சா கிழங்கோட சத்தெல்லாம் பூவுக்கே போயிடும்."

எனக்கு அழுகை முட்டியது. "எனக்கு இது என்ன செடின்னே தெரியாது மேடம். தெரிஞ்ச மாதிரி ஊரையே ஏமாத்திட்டு இருந்தேன்."

"எத்தினி வருஷமா இருக்குது?"

"நாலு."

"வருஷா வருஷம் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடலியா?"

"மனசு வரல. வெறும் மண்ணுக்கே அப்பப்போ தண்ணி தெளிச்சிட்டு இருந்தேன்."

"கிழங்கு தூங்குற நேரத்துல தண்ணி ஊத்தினா அழுகிடும். ஏதோ பொழைச்சிக்கிச்சு." நின்றபடியே ஃபைலைத் திறந்து இரண்டு வரி எழுதினார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முரளி பூவை வெட்டி, மூன்று கவரில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டார். அந்த இரண்டு வரி என்னவென்று தெரியாமல் நான் நாட்களை ஓட்டினேன்.

அறிக்கையில் சிக்கல் இல்லை என்று பிறகு தெரிந்தது. பூவை வெட்டியபின் வந்த இலை அடுத்த தையில் சாய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, தொண்டை அரிக்காமல் இருக்கப் புளித் தண்ணீரில் வேகவைத்து வறுத்தேன். (இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் கிழங்கு தயார் என்று அர்த்தமாம். நான்கு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.) மகள் யாழினி எங்களிடம் வர அதற்கப்புறமும் ஒன்றரை வருடம் ஆனது. அவளைப் பார்க்க அதே மேடம் வந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், அன்று என்ன எழுதினீர்கள் என்று.

"என்ன செடின்னு தெரியாமலே நாலு வருஷம் வளர்த்திருக்காங்கன்னு எழுதினேன்," என்றார், யாழினியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே. "வேறென்னத்தை எழுதறது?"

யாழினிக்கு இப்போது ஏழு வயது. தான் வருவதற்கு முன்னால் நடந்த இந்தக் கதையை மாதம் ஒரு முறையாவது சொல்லவைத்துக் கேட்பாள். வீட்டில் எந்த வாடை வந்தாலும் இடுப்பில் கை வைத்து மேடம் மாதிரி நிற்பாள். போன வாரம் என் தம்பி குடும்பத்தோடு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிய அப்பாவைப் பார்த்து, யாழினி எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"அப்பா, சாக்ஸா, சேனையா?"

முரளி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "இந்தத் தடவை நெஜமாவே சாக்ஸ்தான் மேடம்."