படகோட்டிக்கு விசா வந்தது

அப்போது அங்கே இருந்தவர்கள்:

மிளகு புரோக்கர் அலாவுதீன், மனைவி போனபிறகு பஜார் ரோட்டையே மறந்தவர். அவருடைய மருமகன் ரஃபி, கையில் வீடியோ கேம் கன்ட்ரோலர். இருவருக்கும் நடுவே சோறும் மத்தி வறுவலும். டிவிக்குள் லாந்தர் பிடித்த ஒரு சிறுமி, ஒரு படகோட்டியின் பேய். எதிர்வீட்டு கமலாக்ஷி டீச்சர் அறையில் இல்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் அந்தச் சந்து இருக்கிற அகலத்துக்கு அவரையும் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

டிவியில் படகோட்டி அழுதுகொண்டிருந்தான்.

"எந்தா மருமவனே, அவன் என்ன சொல்றான்?" என்றார் அலாவுதீன்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. படகோட்டி சொன்னது கீழே ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 'நான் மூழ்கிப்போனது எனக்கே இப்போதுதான் புரிகிறது. இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாமென்று அவளிடம் சொல்லிவிடு.' மாமாவுக்குத் தமிழ் தெரியும், மலையாளம் தெரியும், ஓதத் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

ஃபாத்திமா மாமி இறந்த பிறகு மாமா தட்டைத் தொடுவதில்லை. ஒருநாள் ரஃபி விளையாடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்தவர், தன்னை அறியாமல் ஒரு தட்டுச் சோற்றைக் காலி செய்தார். மகள் ஜஸ்னா அதைப் பார்த்துவிட்டுக் கணவன் ரஃபியைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அத்தா தின்னுட்டார். இனி தெனமும் இதையே போடுங்க. ஆனா அழுகைக் கதை மட்டும் வேண்டாம்."

ரஃபி சரி என்று தலையாட்டினான். அந்த கேமில் ஐந்து பாகங்கள். ஐந்திலும் அழுகையைத் தவிர வேறொன்றும் இல்லை. பூட்டிய வீடுகளுக்குள் பேய்கள் இருக்கும். செத்தது தெரியாமலோ, தெரிந்தும் போக மனமில்லாமலோ உள்ளேயே கிடக்கும். லாந்தர் சிறுமி அவற்றோடு பேசிப் பேசி, வாசல் வரை கூட்டிவந்து, கதவைத் திறந்து அனுப்பிவைக்க வேண்டும். ஒவ்வொரு பேயும் போகும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போகும். அதைப் படித்துவிட்டு மனிதன் சோறு தின்ன முடியாது.

"சொல்லு மருமவனே. அவன் ஏன் அழறான்?"

ரஃபி மாமாவின் தட்டைப் பார்த்தான். கை பாதியில் நின்றிருந்தது.

"விசா வந்துருச்சாம் மாமா."

"விசாவா?"

"துபாய்க்கு. ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தான்ல. சந்தோஷத்துல அழறான்."

மாமா யோசித்தார். "பாஸ்போர்ட்டு கையில இல்லையே?"

"ஏஜென்ட் கிட்ட இருக்கு."

டிவியில் கதவு திறந்தது. வெள்ளை வெளிச்சம். படகோட்டி அதற்குள் நடந்து மறைந்தான். சிறுமி லாந்தரை இறக்கிவைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஏர்போர்ட்" என்றான் ரஃபி.

"செரி. இந்த லைட்டுப் புள்ள ஏன் அழுவுது?"

"சென்ட் கொண்டு வரேன்னு சொல்லிருக்கான் மாமா. அதுக்கு."

மாமா மத்தியைப் பிட்டு வாயில் போட்டார். "நீயும் தட்டெடு. தனியாத் தின்னா எனக்கு எறங்காது."

ரஃபி தட்டெடுத்தான். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது.

அதற்கடுத்த பேய் ஒரு தையல்காரி. அவளைத் துபாய்க்கே அனுப்பினான். பிறகு இரட்டைச் சகோதரர்கள், அவர்கள் ஷார்ஜா போனார்கள். ஒரு போஸ்ட்மேனைப் பஹ்ரைனுக்கு ஏற்றிவிட்டபோது மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எல்லாவனும் கல்ஃபுக்குப் போனா அந்த ஊர்ல பின்னே யாருடா இருக்கா?"

"அது அந்த மாதிரி ஊரு மாமா. நம்ம பள்ளுருத்தி மாதிரி."

"இந்தப் புள்ளதான் எல்லாரையும் அனுப்புது. ஏஜென்சி நடத்துதா?"

இல்லை என்று சொல்ல ரஃபிக்குக் காரணம் கிடைக்கவில்லை. "ஆமா மாமா. அவ அப்பா ஆரம்பிச்சது."

"லைசென்ஸ் இருக்கா?"

"லாந்தர்ல ஒட்டியிருக்கு பாருங்க."

மாமா எழுந்து போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டிவியில் லாந்தரை உற்றுப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

இரண்டாம் பாகத்தில் சிறுமி கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். முதல் கல்லிலேயே படகோட்டியின் பெயரும் படமும். ரஃபி அவசரமாக பட்டனை அழுத்தி அவளைத் திருப்பப் பார்த்தான். கேம் விடவில்லை. அவள் அங்கே நின்றுதான் ஆகவேண்டும்.

"நம்ம வள்ளக்காரன்தானே அது?"

"அவனேதான் மாமா. துபாய்க் காசுல மனை வாங்கிட்டான். பேர்ப் பலகை வெச்சிருக்கான்."

"இத்தனூண்டு மனையா? ஒருத்தன் நீட்டிப் படுக்கத்தானே காணும்?"

"ஃபோர்ட் கொச்சி வெலை மாமா."

மாமா அதை ஏற்றுக்கொண்டார். ஃபோர்ட் கொச்சி விலை யாரையும் வாயடைக்க வைக்கும். ஆனால் சிறுமி குனிந்து கல்லின்மேல் பூ வைத்தாள்.

"பூ?"

"பால் காய்ச்சறாங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் டீச்சர் ஏதோ புரையேறி இருமினார்.

மூன்றாம் பாகத்தில் படகோட்டி திரும்ப வந்தான். பழைய நினைவு, அவன் உயிரோடு இருந்த காலம். இளம் மீசை, தோளில் வலை.

"லீவுல வந்திருக்கான்" என்றான் ரஃபி, மாமா வாயைத் திறப்பதற்கு முன்பே.

"பொட்டி எங்கே?"

"கஸ்டம்ஸ்ல புடிச்சுட்டாங்க."

"துபாய் போனவன் கறுத்துப் போவான். இவன் வயசு கொறஞ்சு வந்திருக்கானே?"

"ஏசி ரூம் மாமா."

மாமா சாயங்கால அஸர் தொழுகைக்குக் கிளம்பினார். இப்போதெல்லாம் அஸருக்குப் போனால் இருட்டி, மஃரிப்பும் முடிந்துதான் வந்தார். பள்ளிவாசலில் பேச்சுத் துணை கிடைத்திருக்கிறது போல என்று ரஃபிக்கு நிம்மதி. அவர் வருவதற்குள் அடுத்த சீனை ஓட்டிப் பார்த்து, யாரை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்துகொள்வான். ராத்திரி தூங்காமல் யோசித்ததும் உண்டு. காக்கநாட்டுக் கால் சென்டரில் ராத்திரி ஷிப்டில் இருந்தவனுக்கு அது புதிதல்ல. ஒருநாள் ஷிப்ட் நடுவே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தவன், பிறகு வேலைக்கும் போகவில்லை, வாசற்படியும் இறங்கவில்லை. மாமாவுக்குத் துணையாக வீட்டில் இருக்கிறான் என்று ஜஸ்னா எல்லோரிடமும் சொன்னாள். தோப்பும்படியில் லேப் வேலை முடிந்து வரும்போது பால், மீன் எல்லாம் அவளே வாங்கி வந்தாள். அவனுக்கு முடி வெட்டிவிடுவதும் அவள்தான். பார்த்தாலே தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜஸ்னா காய்ச்சலோடு வீட்டில் இருந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் நடுவே வந்து உட்கார்ந்தாள். டிவியில் ஒரு நர்ஸின் பேய். ஜஸ்னா எழுத்தைப் படித்தாள்.

"அல்லா, பாவம். இவ சொல்றா, என் கையிலே ஒரு குழந்தை…"

ரஃபி அவள் காலை மிதித்தான்.

"…குழந்தைங்களைப் பாக்குற வேலை கெடச்சிருக்காம் அத்தா. கத்தார்ல."

"குவைத்ல" என்றான் ரஃபி அதே நேரத்தில்.

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கத்தாரா, குவைத்தா?"

"கத்தார் வழியா குவைத்" என்றாள் ஜஸ்னா.

"டிக்கெட்டு கொறச்சல்" என்றான் ரஃபி.

சமையலறையில் ஜஸ்னா அவன் சட்டையைப் பிடித்தாள். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீதானே அழுகை வேண்டாம்னே?"

"அதுக்கு ஒரு ஊரையே நாடு கடத்துவீங்களா?" என்றவள் சிரித்துவிட்டாள். பிறகு அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் கதை விடறீங்க" என்றாள்.

அடுத்த வாரம் வாசலில் ஒருவர் நின்றார். பஸ் ஸ்டாப் ஓட்டலில் பரோட்டா போடும் வீரபாண்டி, தேனிக்காரர். கையில் பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட்.

"பாய், உங்க மாமா சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணு ஏஜென்சி நடத்துதாமே. போன எவனும் திரும்பலையாம். கொஞ்சம் வெளிய வாங்க, பேசுவோம்."

ரஃபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றான். மாமா பின்னால் சோபாவில், பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"அது வேற மாதிரி ஏஜென்சிண்ணே" என்று ரஃபி தாழ்ந்த குரலில் சொன்னான்.

"எந்த மாதிரின்னாலும் பரவால்ல பாய். எல்லாப் பக்குவமும் பண்ணுவேன்."

"செத்தவங்களுக்கு மட்டும்தாண்ணே."

வீரபாண்டி அவன் தலைமுடியைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனார்.

"என்ன சொன்னே அவன்கிட்ட?" என்றார் மாமா மறுநாள். "நம்ம வாசலைக் கண்டா எதிர்ச் சுவரை ஒட்டிப் போறானே?"

ரஃபிக்குப் போதுமென்றாகிவிட்டது. ஃபுட்பால் கேம் ஒன்றைப் போட்டான். மாமா ஐந்து நிமிடம் பார்த்தார்.

"பந்து பாக்கணும்னா வெளியே மைதானம் இருக்கு" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அன்று ராத்திரியும் தட்டு அப்படியே இருந்தது. காலையில் ரஃபி ஐந்தாம் பாகத்தைப் போட்டான்.

ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பேயை அவன் முன்னாடியே ஓட்டிப் பார்க்கவில்லை. அதுதான் தப்பு.

அது ஒரு வயதான பெண். சமையலறையை விட்டு வரமாட்டாள். சிறுமி எத்தனை முறை கூப்பிட்டாலும் அடுப்பைக் காட்டினாள். புருஷன் இன்னும் சாப்பிடவில்லை, அவன் சாப்பிடாமல் தன்னால் போக முடியாது. ரஃபி மாமாவைப் பார்க்கவில்லை. ஃபாத்திமா மாமி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அதுதான். 'அவர் தின்னாரா?'

டிவியில் கிழவி ஒரு பாத்திரத்தைத் தட்டால் மூடி வைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள்.

"என்ன சொல்றா மருமவனே?"

"விசா…" என்றான் ரஃபி.

மாமா காத்திருந்தார்.

"விசா வந்து…"

கன்ட்ரோலரை மடியில் வைத்தான். கண்ணைத் துடைத்தான், துடைக்கத் துடைக்க வந்தது. கிழவி அசையாமல் நின்றாள். பட்டனை அழுத்தாமல் அவளால் போக முடியாது.

"மாமா, இவ செத்துட்டா. எல்லாருமே செத்துட்டாங்க. வள்ளக்காரன் முங்கிச் செத்தான். நர்ஸு, போஸ்ட்மேன், ஒருத்தனும் எங்கேயும் போகலை. நான்தான் பொய் சொன்னேன். நீங்க தின்னணுமேன்னு."

மாமா தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மென்றார்.

"செரி. இவ என்ன சொல்றா? உள்ளபடி சொல்லு."

ரஃபி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். "'சோறு மூடி வெச்சிருக்கேன். இனி நீயா எடுத்துப் போட்டுக்கணும். சூடு ஆறினாலும் தின்னு. நான் எறங்கறேன்.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

"பட்டனை அமுக்கு. அவளை எத்தனை நேரம் நிக்க வைப்பே?"

ரஃபி அழுத்தினான். கதவு திறந்தது. கிழவி போனாள். மாமா தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றார், கண்ணைத் துடைக்காமலே தின்றார்.

பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன.

"இனி பாக்கி இருக்கா?"

"இல்ல மாமா. இதான் கடைசி."

"அப்ப போய் ஒரு பாக்கெட்டு பால் வாங்கிட்டு வா. சாயா குடிக்கணும்."

"ஜஸ்னா வரும்போது…"

"எனக்கு இப்போ வேணும்."

இவ்வளவு நாள் பொய் சொன்னவன் பாலுக்கு எப்படி மறுப்பான்? ரஃபி செருப்பைத் தேடினான். ஒன்று கட்டிலுக்கடியில், ஒன்று பீரோ பின்னால். இரண்டிலும் தூசி. மாமா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ரஃபி படியில் கொஞ்சம் தயங்கி, பிறகு இறங்கினான்.

சந்தில் வெயில் கண்ணைக் குத்தியது. எங்கோ கோடவுனில் சுக்கு மணந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் கமலாக்ஷி டீச்சர், பாலக்காட்டுக்காரர், முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"மோனே! அந்தக் கிழவி கதை முடிஞ்சுதா?"

ரஃபி நின்றான். "உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"நேத்திக்கே நான் அலாவுதீன் இக்காவுக்கு வாசிச்சுச் சொல்லியாச்சே. தெனமும் அஸர் முடிஞ்சு நேரா இங்கேதான் வருவார். போன்ல அந்த கேமோட சோக வீடியோவைக் காட்டி, 'டீச்சரே, இதுல உள்ளதைச் சொல்லுங்கோ'ன்னு. வள்ளக்காரன்லேந்து எல்லாத்துக்கும் சேர்ந்து அழுதாச்சு."

"வள்ளக்காரன்லேந்தா? அப்ப துபாய்?"

"அதுக்கு நாங்க சிரிச்ச சிரிப்பு! மனைக்குப் பால் காய்ச்சினே பாரு, அன்னிக்கு எனக்கு மூச்சே போச்சு."

"எல்லாம் தெரிஞ்சும் மாமா ஏன் டீச்சர் தெனமும்…"

டீச்சர் அவன் தோளுக்குமேல், அவன் வீட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அலாவுதீன் இக்கா! உங்க வீட்டுப் பேய் எறங்கியாச்சு, கதவைப் பூட்டிக்கோங்கோ!"

ரஃபி திரும்புவதற்குள் கதவு சாத்தி, உள்ளே தாழ் விழுந்து, சாவி இரண்டு முறை திரும்பியது.