திகதி இல்லாத போத்தல்கள்

மலைநாட்டில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் எந்தப் பகுதியில் எவர் எதை ஆராய்கிறார் என்பது அதன் துணைவேந்தருக்குக்கூட முழுதாகத் தெரிந்திராது. எங்கள் போத்தலருக்குத் தெரியும். இத்தனைக்கும் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மிதித்தவரல்ல. திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஓர் அறையும் குசினியும் கொண்ட வீட்டில் தன்னந்தனியாக இருந்தவர்.

வெள்ளைக்காரனின் கடற்படைக் களஞ்சியத்தில் அவர் ஸ்டோர் கீப்பர். வெள்ளைக்காரன் கப்பலேறியபோது வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை. குசினியில் உப்புப் போத்தலில்கூட ‘உப்பு’ என்றும் திறந்த திகதியும் எழுதி ஒட்டியிருப்பார். ஒருநாள் கரையில் ஒதுங்கிய விசித்திரமான நண்டொன்றைப் போத்தலில் அடைத்து, பல்கலைக்கழகத்து விலங்கியல் பகுதிக்கு அனுப்பினார். அங்கிருந்து மறுமொழி வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்; போத்தலர் என்ற பட்டமும் அதோடு வந்ததுதான்.

நண்டு பழுதாகாமல் இருக்கச் சாராயம் வேண்டும். மனிதர் வாயில் ஒரு சொட்டு வைக்கமாட்டார்; தவறணைக்குப் போய் வாங்கி, அதன் வாசலிலேயே குந்தியிருந்து நண்டின் தலையில் ஊற்றுவார். உள்ளே இருந்தவர்கள் அழாத குறை.

“போன பிறப்பில என்ன புண்ணியம் செய்த நண்டடாப்பா இது!”

நான் இந்தக் கதைக்குள் வந்தது தபாற்கந்தோரில் பார்சல் கிளாக்கராக. கிளிவெட்டியில் வயல் செய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். உத்தியோகம் கிடைத்துப் பட்டினத்துக்கு வந்தபோது எனக்கு அங்கே பழக்கமானவை முத்திரையும் அரக்கும்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் கிழமை போத்தலர் ஒரு பார்சலோடு வந்தார். எங்கள் தபாலதிபர் அன்று சலவைக்குப் போய்வந்த வெள்ளைச் சேர்ட்டோடு நின்றார். பார்சலைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன ஐயா, கனக்குது?”

“கணவாய்.”

“கருவாடோ?”

“இல்லை. விஞ்ஞானம்.”

அந்த நேரம் பார்த்து மூடி கழன்றது. கணவாயின் மை தபாலதிபரின் நெஞ்சில் கொட்டி, மட்டக்களப்புக்குப் போக இருந்த கடிதக்கட்டில் வடிந்து, தரையில் ஓடியது. தபாலதிபர் தன் சேர்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இனி இந்த மனிசன்ட விஞ்ஞானத்தை நீர்தான் கட்டவேணும்! எனக்குக் கிட்டக் கொண்டுவரப்படாது!”

இப்படியாகப் போத்தலரின் பார்சல்களை உள்ளும் புறமும் பார்க்கிற பொறுப்பு எனக்கு வந்தது. அப்பப்பா, என்னென்ன போயின! புல்மோட்டைக் கறுப்பு மணல் புவிச்சரிதவியலுக்கு. புழு அரித்த இறங்குதுறைப் பலகை விலங்கியலுக்குப் போக, அவர்கள் புழுவை வைத்துக்கொண்டு பலகையைப் பொறியியற் பீடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்ததில் போத்தலருக்குத் தலைகால் தெரியவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் ஏழு போத்தல் தண்ணீர் எடுத்து இரசாயனப் பகுதிக்கு அனுப்பினார். எந்தப் போத்தல் எந்தக் கிணறு என்று எழுதவில்லை. அவர்கள் கேட்டெழுதினார்கள். இவர் மூன்று கிணற்றுக்கு மட்டும் மறுமொழி எழுதினார். அவர்கள் திரும்பவும் எழுதினார்கள்.

கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் நூர்தீன் காக்காவின் ஆடு பேப்பரைத் தவிர வேறொன்றும் தின்னாது என்று மிருகவைத்தியப் பகுதிக்கு ஒரு கடிதம். ஆட்டுக்கு வயதென்ன, பல் எத்தனை, என்ன பேப்பர் என்று அவர்கள் கேட்க, இவர் ஒவ்வொன்றாக எழுத, அதற்கிடையில் ஆடு ஒரு கல்யாண வீட்டுப் புரியாணியாகிவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று மாதம் “ஆடு சுகம்” என்று போத்தலர் எழுதிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருக்கவில்லை. விஞ்ஞானம் என்றால் எனக்குக் கோயில் மாதிரி. அவரது போத்தல்கள் எதிலும் எடுத்த இடமும் திகதியும் இல்லாதது என்னை வதைத்தது. பாவம், வயது போன மனிதர், மறந்துவிடுகிறார் என்று நினைத்தேன். பார்சலைக் கட்டும்போது கதையோடு கதையாகக் கேட்பேன்.

“இது எங்க எடுத்தது ஐயா?”

“இறக்கக்கண்டிக் கரையில. திங்கட்கிழமை விடிய.”

அவர் போனபிறகு ஒரு கடதாசித் துண்டை எடுத்து, என் அழகான கையெழுத்தில் இடம், திகதி, நேரம் எல்லாம் நிரப்பி உள்ளே வைத்துவிடுவேன். நாட்டின் அறிவு வளர்ச்சிக்கு என்னாலான தொண்டு.

பல்கலைக்கழகத்துக்கு எல்லா விவரமும் கிடைத்தது. ஆகவே கேட்பதற்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. நீளக் கடிதங்கள் நின்று, ‘கிடைத்தது, நன்றி’ என்று அச்சடித்த தபாலட்டைகள் வரத் தொடங்கின. போத்தலர் ஒவ்வொரு நாளும் வந்து கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

“தம்பி, எனக்கு ஏதும்?”

அட்டையைக் கொடுப்பேன். இருபுறமும் திருப்பிப் பார்ப்பார். வெறும் பக்கத்தைத்தான் கூடுதலாகப் பார்ப்பார். பிறகு பார்சல்கள் குறைந்தன. பிறகு அவரும் வரவில்லை.

“போத்தலர் கரைக்கும் வாறார் இல்லை தம்பி,” என்றார் நூர்தீன் காக்கா. “ஒரு சூடைமீனைக் காட்டினால் ஒரு மணித்தியாலம் கதைக்கிற மனிசன். இப்ப ஓம், இல்லை, ரெண்டே ரெண்டு சொல்லு.”

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவரது வீட்டுக்குப் போனேன். சோறும் சூடைமீன் குழம்பும் வைத்துக்கொண்டு மேசையில் தனியாக இருந்தார். அவருக்கு எதிரே, தண்ணீர்ச் செம்பில் சாய்த்தபடி ஒரு பழைய கடிதம் நின்றது. சுவர் அலுமாரியில் பகுதி பகுதியாகக் கடிதக் கட்டுகள்.

“வாரும் தம்பி, இரும். இது புவிச்சரிதவியல் அம்மா,” என்று செம்பைக் காட்டினார், ஆளை அறிமுகப்படுத்துகிற மாதிரி. “மகனுக்குப் பல்லு முளைக்குதாம். மணல் எந்த இடத்தில எடுத்தது எண்டு கேட்டவ, கடைசியில அதையும் எழுதினவ. விலங்கியல் பூச்சி ஐயாவுக்கு முழங்கால் நோ. கிணத்துத் தண்ணி பார்க்கிறவர் தன்ட பெட்டைக்குச் சம்பந்தம் பேசினவர், சரிவந்துதோ தெரியாது. இப்ப ஒருத்தரும் ஒண்டும் கேட்கினம் இல்லை. நான் திகதி போடாமத்தான் அனுப்புறன். என்னெண்டுதான் கண்டுபிடிக்கினமோ!”

களஞ்சியத்தில் முப்பது வருடம் துண்டு எழுதிய மனிதர் திகதியை மறப்பாரா? அவர் விட்ட வெற்றிடங்களின் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் ஆட்கள் வந்துபோனார்கள். ஒவ்வொரு கதவாக நான் சாத்தியிருக்கிறேன்.

“ஐயா... நான்தான் எழுதினனான். இடமும் திகதியும். பார்சல் கட்டேக்க.”

அவர் மீன் முள் ஒன்றை எடுத்துப் பீங்கானின் ஓரத்தில் வைத்தார்.

“உம்மட வீட்டில வேற ஆரும் படிச்சவையோ?”

“இல்லை ஐயா. நான்தான் முதல்.”

“அதுதான்.” கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. “புதுசாப் படிச்ச ஆக்களுக்கு வெறும் இடத்தைக் கண்டால் கை சும்மா இராது.”

பிறகு சோற்றைப் பிசைந்தார், ஆனால் சாப்பிடவில்லை. வெளியே துறைமுகத்தில் ஏதோவொரு கப்பல் ஊதியது. எழும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. போனால் செம்பும் அவரும்தான் மிச்சம்.

“ஐயா, எனக்கொரு சந்தேகம்,” என்றேன். “கடல் சில நாளில இருட்டின பிறகு நீலமா மினுங்குதே. அது ஏன்?”

கை நின்றது. தலை நிமிர்ந்தது. எழும்பிப் போய் இன்னொரு பீங்கானைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அலுமாரியிலிருந்து மூன்று கட்டுகளை இறக்கினார்.

“அது லேசான கேள்வி இல்லைத் தம்பி. விலங்கியல் பகுதி ஒண்டு சொல்லுது, இரசாயனம் ஒண்டு, பௌதிகம் ஒண்டு. மூண்டையும் வாசிக்கிறன். சோத்தைப் போட்டுக்கொண்டு கேளும்.”

மினுக்கத்துக்குக் காரணம் எனக்கு முன்பே தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இருந்தும் மூன்று பகுதிகள் சொன்னதையும் முழுதாகக் கேட்டேன். வாசித்து முடித்து அவர் கடிதங்களை மடிக்கத் தொடங்கியபோது, “அப்ப ஐயா, பொறியியல் பீடம் இதுக்கு என்ன சொல்லுது?” என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.