பதினாலு குழிக்குள் என் கஜானா

ராமநாதபுரம்,
16-9-1958

பாம்பனில் சங்கு வியாபாரம் செழித்து விளங்கும் மச்சான் வாவு முகம்மது அவர்களுக்கு, தங்கள் தங்கை சபியாவின் மாப்பிள்ளை ஜெய்னுலாபுதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் யாவரும் சுகம். சபியாவுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. என் காசு டின்னைத் தூக்கியதால் வந்தது என்கிறாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நிற்க. போன பெருநாளைக்கு இங்கு வந்திருந்தபோது நாலு பேர் முன்னால் என்னைப் பழைய பித்தளைக்காரர் என்று சொல்லிச் சிரித்தீர்கள். அப்போது வீட்டில் ஒன்பது டின் காசு இருந்தது உண்மைதான். புதுப் பைசா வந்ததிலிருந்து ஊரே பழைய காலணாவையும் அரையணாவையும் என் தலையில் கட்டியது, நானும் வந்ததை விடாமல் வாங்கிப் போட்டேன், கடைசியில் உங்க தங்கச்சி இடியாப்ப மாவுன்னு காசு டின்னுக்குள்ள கையை விட்டு நகம் பேந்து, "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தத் தகரம் இருக்கணும், பாம்பன்ல எங்க காக்கா வீட்டுக்குப் போயிருவேன்"னு நின்னுட்டா. பயந்துட்டேன் மச்சான். முப்பது வருசமா அவ ஆக்கிப்போட்டுத் தின்ன உடம்பு.

ஆனா புத்தி வேலை செஞ்சுச்சு பாருங்க! அவளோட பல்லாங்குழிப் பலகையை எடுத்தேன். குழி பதினாலு. குழிக்கு ஒரு காசு, அதுவும் மிருகம், பறவை போட்ட காசு மட்டும். வெறும் ராசா தலை, ராணி தலை, கதிரு, பூவு மட்டும் போட்டது எதுவும் உள்ள வரப்படாது. நம்ம புலி, குதிரை, காளை, கிழக்கு ஆப்பிரிக்காச் சிங்கம், பர்மா மயில், ஆஸ்திரேலியாக் கங்காருன்னு பொறுக்கி அடுக்கிட்டு, மிச்ச ஒன்பது டின்னையும் பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல, அதையும் சொல்லிப்புடுறேன்.

போன வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டு மஜீதாவும் அவ மதினி காலிதாவும் வந்திருக்காங்க. பலகை இருக்கு, குழியில காய் கெடக்கு, விட்டுருவாங்களா? சோழி பத்தாததுக்கு என் காசையும் சேத்து ஆட உக்காந்துட்டாங்க, உங்க தங்கச்சியும் கூடத்தான்! ஒரு குழியில நாலு காய் சேந்தா பசுன்னு அள்ளுவாங்கள்ல? நான் உள்ள நுழையுறேன், மஜீதா என் புலியைப் பசுன்னு அள்ளுறா. சோழியை ஒதுக்கிட்டு ஒரே ஒரு பார்வைதான் பாத்தேன். "மயிலு எங்க?"ன்னேன். காலிதா எந்திரிச்சு உதறுனா, சேலை மடிப்புல இருந்து மயிலு விழுந்துச்சு. ஒன்பது டின் இருந்தப்ப நூறு காசு காணாமப் போனாலும் எனக்குத் தெரிஞ்சிருக்குமா மச்சான்? இப்ப ஒண்ணு நகந்தாலும் தெரியுது. இதுதான் சேகரிப்பு! மஜீதாவே, "நீங்க லேசுப்பட்ட ஆளில்ல மாமா"ன்னுட்டுப் போனா.

ஆகவே, பித்தளைக்காரர் என்ற பட்டத்தைத் தாங்கள் மரியாதையாகத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியது. பதினாலாவது குழி மட்டும் காலி. பிஜித் தீவில் ஆமை போட்ட காசு உண்டாம், கப்பல்காரர் யாரிடமாவது இருந்தால் வாங்கி அனுப்பவும். ஒன்றே ஒன்று போதும். இனி அள்ளிக் கொட்டுகிற பேச்சே என் வீட்டில் கிடையாது.

மதினிக்கு ஸலாம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்க துஆச் செய்கிறேன்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்
ஜெய்னுலாபுதீன்

பி.கு.: கையெழுத்துக் காயும் முன்னே பழைய காசு விக்கிற பரமக்குடி வீரையா ஒரு சாக்கு மூட்டையோட வந்துட்டாரு. மேலாக யானை போட்ட சியாம் காசு ஒண்ணு தெரிஞ்சுச்சு. பிரிச்சு விக்க மாட்டேன்னாரு, மூட்டையோட வாங்கிட்டேன். மூட்டையைப் பாத்ததும் சபியா கெளம்பிட்டா, நாளை மதிய ரயில்ல அங்க வாரா. கடிதமும் அவ கையிலதான் வருது, ஒட்டித்தான் கொடுத்துருக்கேன். பொட்டியில சேலைக்கு நடுவுல என் பலகையை வச்சுக் கட்டுறா. "அதை ஏன் எடுக்குறே?"ன்னேன். "எங்க மாப்பிள்ளை சேத்தது, எங்க காக்கா பாக்க வேணாமா?"ங்குறா. கண்ணு கலங்கிருச்சு மச்சான். அவளுக்காக மூட்டையை இன்னும் பிரிக்காம வச்சிருக்கேன், அவ ரயிலேறட்டும்.