ஞாயிற்றுக்கிழமைக்குள் நீலம்

நீச்சல்குளத்துக்குள் விட்ட கை மணிக்கட்டோடு காணாமல் போயிற்று. கெமிஸ்ட்ரி வாத்தியார் பதறிப்போய் வெளியே இழுத்து, விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு பச்சை.

"இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு," என்றாள் மனைவி. "ஓனர் வரும்போது தண்ணி பளிச்சுனு இருக்கணும்னு போன்ல சொன்னாரில்ல?"

சொன்னார். வாடகை ஒப்பந்தமும் அதையேதான் சொன்னது. குளத்தைப் பராமரிப்பது குடியிருப்பவர் பொறுப்பு, தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடிவந்த நாளிலிருந்தே அது பச்சைதான். வாத்தியார்தான் இன்றைக்கு நாளைக்கு என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

ஆறு வருஷத்தில் ஐந்து வீடு மாறிய குடும்பம் அது. மகளுக்கு இப்போதுதான் பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம் வாய்த்திருந்தது. இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னால் மூட்டையோடு மூட்டையாகத் தானும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி அறிவித்திருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

நீச்சல்குள மருந்து விற்கும் கடைக்காரரைக் கேட்கலாமே என்றாள். இருபது வருஷமாகக் குளோரின் பாடம் நடத்துகிறவர், கடையில் போய்க் குளோரினைப் பற்றிச் சந்தேகம் கேட்பதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே! அன்றைக்கே உச்சி வெயிலில் ஒரு வாளி குளோரினைக் கரைத்துக் கொட்டினார். மாலைக்குள் வெயில் அத்தனையையும் தின்று தீர்த்தது. பாசி குளித்து முழுகியதுபோல் இன்னும் செழிப்பாக நின்றது. வெயிலில் குளோரின் நிற்காது என்பது அவர் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் எப்போதும் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது பாசிக்கொல்லி. குளத்தை டேப் வைத்து அளந்து கணக்குப் போட்டார். ஆழத்தை மட்டும் ஆழமான கோடியில் அளந்துவிட்டார். மறுகோடியில் இடுப்பளவுதான் தண்ணீர் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மோட்டாரைப் போட்டதும் அளவு மீறிய மருந்து நுரையாகக் கிளம்பி, விளிம்பைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, சமையலறை வாசல்வரை வந்து நின்றது. நல்லவேளை தன் வகுப்புக்கு அப்பா பாடம் எடுப்பதில்லை என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். அது சுருக்கென்று தைத்தது.

நுரை அடங்கியதும் பிரஷ்ஷோடு இறங்கிச் சுவரைத் தேய்த்தார். தேய்த்த பாசி மொத்தமும் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ள, மோட்டார் ஒரு முனகலோடு நின்றது. வாத்தியார் சொட்டச் சொட்ட விளிம்பில் உட்கார்ந்து அழுதார். வெட்கப்படாமல் அழுதார். மறுபடியும் லாரி, மறுபடியும் அட்டைப்பெட்டி, மறுபடியும் புது வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள்.

மனைவி கடைக்குப் போய், ஐந்தே நிமிஷத்தில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். வடிகட்டியைக் கழுவு, அமிலத்தன்மையைச் சரிபார், பொழுது சாய்ந்த பிறகு குளோரின் போடு, தினமும் தேய், மோட்டாரை நிறுத்தாதே. அவ்வளவுதான். வாத்தியார் நல்ல மாணவன்போல ஒருவரி விடாமல் செய்தார். ஐந்தாம் நாள் காலை குளத்தின் அடியில் கிடந்த ஒற்றைச் செருப்பு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் ஒரு கேமராக்காரரோடு வந்து இறங்கினார். குளத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, யாருக்கோ போன் பேச வாசலுக்கு ஓடினார்.

வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட்டுத் தலைவாரிக்கொண்டு வரச் சொன்னார். மூவரும் நீலத் தண்ணீர் ஓரமாகத் தோளோடு தோள் உரசி நின்று சிரித்தார்கள். மனைவி பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கேமராக்காரர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே கையை ஆட்டினார்.

"நீங்க மூணு பேரும் கொஞ்சம் தள்ளிக்குங்க சார், தண்ணி பச்சையா கெடக்குன்னு இத்தனை வருஷமா யாருமே வாங்காத வீடு, இப்ப வாங்கறவங்களுக்குக் குளம் மட்டும்தான் தெரியணும்."