ஓடையின் வளைவும் மாப்பிள்ளையின் எக்செல்லும்

முதலமடை,
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை லோகேஷ் அவர்களுக்கு,

மாமனார் பிச்சைமணி எழுதுவது. என் ரத்த அழுத்தம் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் என் மகள் ஆனந்தியும் உங்கள் லேப்டாப்பும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

எனக்கும் என் தம்பிக்கும் மாந்தோப்பைப் பாகம் பிரிக்க சர்வேயரைக் கூப்பிடலாம் என்றபோது, "அவரெதுக்குங்க மாமா, எக்செல்லுலயே போட்டர்லாம்" என்றது நீங்கள்தான். ஒரு பக்கம் நேரான வேலி, மறுபக்கம் நெளிந்து போகும் ஓடை. ஓடைதான் வளைகோடு, அதற்கும் வேலிக்கும் நடுவில் இருப்பதே பரப்பளவு என்றீர்கள். உச்சி வெயிலில் ஒவ்வொரு மர வரிசையிலும் வேலியிலிருந்து ஓடை வரை நான் டேப்பை இழுத்துக்கொண்டு ஓட, நீங்கள் நிழலில் உட்கார்ந்து தட்டினீர்கள். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளின் நீளத்துக்குச் சராசரி எடுத்து, இடைவெளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் தோப்பு வந்துவிடுமாம். வரட்டும். ஆனால் இடைவெளியை எங்கே அளந்தீர்கள்? தெற்கே, என் அப்பா வைத்த கிழட்டு மரங்களுக்கு நடுவில், லாரி திரும்புகிற இடத்தில். வடக்கே நான் நெருக்கி வைத்த ஒட்டு மரங்களுக்குள் ஓர் ஆடு புகுந்தால் பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். "எல்லா வரிசையும் ஒரே எடவெளி இல்லீங்களே மாப்பிள்ளை" என்று கேட்டேன். "ஃபார்முலாவக் கீழ வரைக்கும் இழுத்துட்டனுங்க மாமா, இனி அதே பாத்துக்கும்" என்றீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டது! வடக்குப் பாதி உங்கள் கணக்கில் மட்டுமே பாதி; நிஜத்தில் தெற்கைவிடச் சிறியது. அதை நம்பி ஊர் முன்னால் எல்லைக் கல்லும் நட்டாயிற்று. இப்போது பிடுங்கினால் என்னைத்தான் திருடன் என்பார்கள். மூத்தவன் பிரித்தால் இளையவன் முதலில் எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். தம்பி வேல்முருகன் தினமும் அந்த வரிசைகளில் நடப்பவன், தெற்கை எடுத்துக்கொண்டு மீசையைத் தடவப் போகிறான். பெண் பார்க்க வந்த அன்று "பையன் கணக்குல புலிங்க" என்றார் உங்கள் அப்பா. வயிறு எரிகிறது, மாப்பிள்ளை.

ஆனந்திக்கு என் ஆசீர்வாதம். வேறு வழியில்லாததால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்
பிச்சைமணி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் தம்பி வந்தான். நீங்கள் அனுப்பிய கலர் படத்தை ஃபோனில் காட்டி, "நெலம் ரெண்டு பக்கமும் சமம்னு கம்ப்யூட்டரே சொல்லீருச்சு. அப்பறம் கெழட்டு மரத்த நா எதுக்குங்கண்ணா எடுக்கோணும்? வடக்கு எனக்கு" என்றான். வாசல் வரை போனவன் திரும்பி, "கணக்கு செரிதானுங்கண்ணா?" என்று கேட்டான். எங்கள் மாப்பிள்ளை கணக்கில் புலி என்று சொல்லி அனுப்பினேன். இக்கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடவும். ஃபார்முலாவில் கை வைக்க வேண்டாம்.